அங்கனதான் இருக்கு, ஆச்சி

ஜூன் 12, 2020

மகள் வந்துவிட்டாள். மணிலாவிலிருந்து வந்தே பாரத் விமானம், சென்னையில் தனிமை, இ-பாஸ், வாடகைக் கார் எல்லாம் தாண்டி இன்று காலை சங்கரன்கோவில் வீட்டு வாசலில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். ஆச்சி கோயில் புற்றுமண்ணைக் குழைத்து விரலில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். பூசிவிடக் கையைத் தூக்குவதற்குள் இவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மண்ணெல்லாம் மூக்கில்.

"இது என்ன புதுசா இருக்கு?"

பிலிப்பைன்ஸில் பெரியவர்களைக் கண்டால் இப்படித்தானாம். பேரப்பிள்ளைகள் வெளியிலிருந்து வந்ததும் தாத்தா பாட்டிகள் தாங்களாகவே கையை நீட்டிவிடுவார்களாம். ஆச்சிக்குப் பரம சந்தோஷம். கொரோனா நேரத்தில் தொடலாமா என்று எனக்குத்தான் பதற்றம். சோப்பை எடுத்துவந்தேன்.

ஜூன் 15

காலை ஐந்தரைக்கு ஆன்லைன் வகுப்பு. அவள் படிக்கும் டவாவோவில் அப்போது எட்டு மணி. மிக்ஸி போடக்கூடாது.

ஜூன் 21

சண்டை. ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். "ஏளா, எங் கண்ணாடியப் பாத்தியா?" இவள் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், இரண்டு உதட்டையும் குவித்து டி.வி. மேஜைப் பக்கம் நீட்டினாள். நம் வீட்டில் அது பழிப்புக் காட்டுவதல்லவா? "டாக்டருக்குப் படிக்கப் போனவ மொகறையக் கோணிக் காட்டுதா" என்று ஆச்சி மத்தியானம் சாப்பிடவே இல்லை. "அங்கனதான் இருக்கு, ஆச்சி" என்று இவள் வாயால் சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது. கண்ணாடி மேஜையில்தான் இருந்தது.

அங்கே உதட்டால்தான் திசை காட்டுவார்களாம். கடைக்காரரும் அப்படித்தான், டீச்சரும் அப்படித்தான். ஒருவரைப் பார்த்து விரலை நீட்டுவதுதான் மரியாதைக் குறைவு. அதைவிட மோசம், உள்ளங்கை மேலே இருக்க விரலை மடக்கி 'வா' என்பது. அது நாயைக் கூப்பிடுவது. போன புதிதில் ஒரு கடைப்பையனை அப்படிக் கூப்பிட்டு, அவன் முகம் சுண்டிப்போனதாம். கையைக் கவிழ்த்து விரல்களை அசைக்க வேண்டுமாம். நாமும் அப்படித்தானே கூப்பிடுவோம் என்றேன். "ஆமாம்மா, நான்தான் வெளிநாடுன்னு சினிமால பாத்த மாதிரி கூப்பிட்டுட்டேன்."

ஜூலை 4

நாளை ஞாயிறு, முழு ஊரடங்கு. காய் வாங்கக் கூட்டம். எல்லார் முகத்திலும் துணி.

"கத்திரிக்கா அரைக்கிலோ போடவா?"

இவள் புருவத்தை உயர்த்தினாள். அவள் கணக்கில் அது 'ஆமாம்'. நம் கணக்கில் 'என்ன?' கடைக்காரர் சத்தமாக, "கத்திரிக்கா! அரைக்கிலோ!" என்றார். மறுபடியும் புருவம். தராசைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "டீச்சர், பிள்ளைக்குக் காது கேக்காதோ?"

வீடு வரும்வரை சிரித்தோம். அவள் பதிலுக்கு ஒரு கதை சொன்னாள். முதல் வருடம் ஆசிரியை "புரிந்ததா?" என்று கேட்க, நம் பிள்ளைகள் எல்லோரும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட, பாவம், அவர் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாராம். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

ஜூலை 16

இவரும் ஆச்சியும் பேசிக்கொண்டிருக்க, நடுவே உடம்பைக் குறுக்கி ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டே கடந்து போனாள். ஆச்சி, "இதாம் மருவாதி" என்றாள். இவர், "கபடிக்குப் போறவ மாதிரிலா இருக்கு" என்றார்.

ஜூலை 27

தறியில் நெய்த சேலைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. வாங்க ஆளில்லை. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை கடன் தவணையைத் தள்ளிப்போடச் சம்மதித்திருக்கிறது, வட்டியைத் தள்ளவில்லை. இரவு இவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அடுத்த வருடப் பணம் கட்ட முடியாமல் போகலாம் என்றார்.

அவள் சிரித்தாள்.

"சிரிப்பா இருக்கோ?" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் வயிறு எரிந்தது. இவள் சிரித்த முகத்தோடேயே தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஆகஸ்ட் 2

கோயில் பூட்டிக் கிடக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் இல்லாத ஆடியை ஆச்சி பார்த்ததே இல்லையாம். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் அம்மனின் கால்வலி குறைய, வீட்டு முற்றத்திலேயே ஆடிச்சுற்று சுற்றினாள். பின்னாலேயே இவளும்.

ஆகஸ்ட் 19

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சவுதியில் வேலை போய்த் திரும்பியிருக்கிறார். மொட்டை மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் உதட்டைக் குவித்து வற்றல் பக்கம் காட்ட, இவள் புருவத்தை ஏற்ற, அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஒரு வார்த்தை இல்லை! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெற்றவள் நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணாச்சி தங்கிய அறையில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாம். "நல்ல பயலுவ மதினி. ஆனா அவனுவ சிரிக்கான்னு வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ஒருத்தனுக்கு எங்களுக்கு முன்னாடியே சீட்டுக் கிழிஞ்சுது. சிரிச்சுக்கிட்டேதான் பெட்டியக் கட்டுனான். ராத்திரி பாத்தா, பாத்ரூம்ல கொழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதுக்கிட்டிருக்கான்."

இவள் திடீரென்று வகுப்பு இருக்கிறது என்று கீழே இறங்கிப் போனாள். மாலையில் ஏது வகுப்பு?

இரவு சொதி வைத்தேன், இஞ்சிப் பச்சடியோடு. இன்றைக்கு என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். தேங்காய் மிச்சமிருந்தது என்றேன்.

செப்டம்பர் 2

நேற்றிலிருந்து கோயில் திறப்பு. வயதானவர்கள் வரவேண்டாம் என்கிறார்கள். ஆச்சி என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 10

கல்விக்கடன் விஷயமாக வங்கியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையையும் நேரில் பார்க்க வேண்டுமாம். இவர் பத்திரங்களைக் கலைத்துக் கலைத்து அடுக்குகிறார். கட்டணம் ஏன் கட்டவில்லை, அப்பாவுக்கு வருமானம் என்ன என்றெல்லாம் அவள் முன்னாலேயே கேட்பார்கள். மேனேஜர் முன்னால் சிரித்துவைக்காதே என்று அவளிடம் சொல்வதா, இல்லை நான் முந்திக்கொண்டு மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதா? இவரிடம் கேட்டால் திட்டுவார்.