கொளத்தூர் கலர் மீன்கள்... வாங்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்!

வில்லிவாக்கத்தைத் தாண்டி கொளத்தூருக்குள் நுழைந்தால் வரிசையாக வண்ண மீன் கடைகள். ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர். பக்கத்திலேயே தொட்டி, ஃபில்டர், நீர்ச்செடிகள். வண்ண மீன் வியாபாரத்தில் இந்திய அளவில் பேர்வாங்கிய சென்னைப் பகுதி இது.

பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் தொட்டி, செடி, மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கிச் செல்வது சகஜம். ஒரு வாரத்தில் மீன்கள் செத்து மிதந்தால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். பழி கடைக்காரர் மேல் விழும். ஆனால், பல நேரங்களில் கோளாறு மீனில் இல்லை, புதுத் தொட்டியின் தண்ணீரில்!

மீன் கழிவிலும் மிச்ச உணவிலும் இருந்து அம்மோனியா உருவாகும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா, அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். செடிகளுக்கு அது உரம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். இதைத்தான் 'சைக்கிளிங்' என்கிறார்கள்.

செய்வது எளிது. செடிகளை நட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிடுங்கள். மீன் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குத் தீனி. நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஸ்பான்ஜ் துண்டு கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். முதல் சில வாரங்களில் செடிகளின் பழைய இலைகள் கரைந்தால் பதற வேண்டாம். கரைந்தவற்றை மட்டும் அகற்றுங்கள், புதுத் துளிர் வரும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து 0 காட்டி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு நான்கைந்து சின்ன மீன்களோடு ஆரம்பியுங்கள். மற்றவை அடுத்தடுத்த வாரங்களில். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் ஒரு மாத உழைப்பும் வீண்!

ஆக, கொளத்தூருக்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை தொட்டிக்கும் செடிக்கும். மீனுக்கு அடுத்த மாதம்!