மறுத்தார் என்று எழுதியிருந்தது

அறங்காவலர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்குச் சிரிப்பு வரும். மதுரையில் தமிழ் முதுகலை படித்த நாட்களில் அந்தச் சொல் கோயிலோடு சேர்ந்தே மனதில் நின்றது. திருவிழா நோட்டீஸில் தடித்த எழுத்தில் பெயர், தலையில் பரிவட்டம், முதல் மரியாதை. மும்பையில் பெண்களின் உடல்நலத்துக்காக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஆறு ஆண்டுகளாக நான் அறங்காவலர். இங்கே பரிவட்டம் கிடையாது. சம்பளமும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு கட்டிங் சாய், இரண்டு பிஸ்கட், கடைசியில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்று புரிய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு துண்டுப் பிரசுரத்தின் வழியாகத்தான். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மராத்திய பெண் மருத்துவர் ஒருவர் தாராவியில் நடத்திவந்த கிளினிக் அது. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இன்றும் ஊரிலிருந்து பெண் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த பெண்களுக்காகத் தமிழில் ஒரு பிரசுரம் வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு டிரஸ்டிகளில் ஒருவர் வயோதிகத்தால் விலகியபோது, "ஒரு தமிழ் ஆள் இருந்தால் நல்லது" என்றார். சரி என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. டிரஸ்டி மாறினால் 90 நாட்களுக்குள் அறநிலைய ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான தாள்களில் நான் கையெழுத்துப் போட்டபோது வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லாபம் எதுவும் உங்களுக்கு வராது. உங்கள் அலட்சியத்தால் அறக்கட்டளைக்கு நஷ்டம் வந்தால் அதை உங்கள் கையிலிருந்து கட்டச் சொல்ல சட்டத்தில் இடமுண்டு." அவர் பணத்தைப் பற்றிச் சொன்னார். பணம் தவிர வேறு நஷ்டங்களும் உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

கிளினிக்கின் முக்கிய வேலை, கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய நம் சமையலறை வினிகரை, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். வெளுப்பு என்றாலே புற்றுநோய் என்று பொருளில்லை. மேற்கொண்டு சோதிக்க வேண்டும். பெரும்பாலும் அது புற்றாவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய நிலை. அந்த நிலையிலேயே உறையவைத்தோ வெப்பத்தாலோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிட முடியும்.

இது ஏழைகளுக்கென்று ஒப்பேற்றிய சோதனை அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. ஒரே ஒரு முறை இப்படிச் சோதித்ததிலேயே இந்தப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1,50,000 பெண்களிடையே நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே சோதித்தார்கள். மரணம் 31 சதவீதம் குறைந்தது. இருந்தும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது.

ஆகவே ஒரு தனியார் கம்பெனி பணம் தர முன்வந்தபோது எங்களுக்கு மகிழ்ச்சிதான். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். எத்தனை பெண்கள் சோதிக்கப்பட்டார்கள், தலைக்கு என்ன செலவு, எத்தனை புகைப்படங்கள். சோதனைக்குப் பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

ஓர் ஆண்டு முடிந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய கூட்டத்துக்கு நான் அரைமணி முன்னால் போய்விட்டேன். மழை. கிளினிக்கில் யாரும் இல்லை. பொழுது போகாமல் நர்ஸின் பதிவேட்டைப் புரட்டினேன். வெளுப்பு தெரிந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்களுக்குத் தனிப்பக்கம். கடைசிக் கட்டத்தில் சிலருக்கு "போனார்" என்று குறிப்பு. சிலருக்கு ஆங்கிலத்தில் "ரெஃப்யூஸ்ட்". மறுத்தார். மறுத்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பெயர்களைப் படித்தேன். ஒன்பது தமிழ்ப் பெயர்கள்.

இத்தனை பேர் ஏன் மறுத்தார்கள் என்று நர்ஸைக் கேட்டேன். நல்ல பெண், உழைப்பாளி. "எவ்வளவோ சொன்னேன் தாயி. கேட்கவே இல்லை. எழுந்து போய்விட்டார்கள்" என்றாள். அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

நோயாளிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு டிரஸ்டி வீடு வீடாகப் போகக் கூடாது. நர்ஸ் முதலில் போய், தமிழ் பேசும் ஓர் அம்மா வரலாமா என்று கேட்டாள். நான்கு பேர் வரச் சொன்னார்கள். முதல் வீடு, மாடிக்கு இரும்பு ஏணி வைத்த பத்தடிக் கோலி. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். விடியற்காலையில் இட்லி அவித்து விற்கும் குடும்பம். மகள் தண்ணீர் பிடிக்கப் போகும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, அந்தப் பொண்ணு எனக்கு 'சஃபேத் தாக்' வந்திருக்குன்னு சொன்னா. எனக்கு அந்த வார்த்தை தெரியும்க்கா. டிரெயின்ல நோட்டீஸ் ஒட்டியிருப்பாவள்லா. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். தாய்க்கு வெண்குஷ்டம்னு தெரிஞ்சா எவன் வருவான்? ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டுல எழுதிருவாவ. அதான் வேண்டாம்னு வந்துட்டேன்."

சஃபேத் தாக் என்றால் வெள்ளைத் திட்டு. நர்ஸ் கண்ணால் கண்டதை அப்படியே சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தியில் அந்தச் சொல் தோலில் வரும் வெண்புள்ளிகளுக்குப் பெயராகிப் பல காலமாகிறது. வெண்புள்ளி தொற்றாது, தொழுநோயும் அல்ல. ஆனாலும் நம் ஊரில் அதற்குக் குஷ்டம் என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெண் சிகிச்சையை மறுக்கவில்லை. தமக்கு இல்லாத ஒரு நோயிலிருந்து மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார். தமக்கு இருக்கக்கூடியது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

யாரும் சொல்லவில்லை என்பதும் சரியல்ல. நான் எழுதிய பிரசுரம் அவர் கைக்குப் போயிருந்தது. மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். 'கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்' என்று தலைப்பு. "கழுத்துல வாரதுன்னு போட்டிருந்துது. நமக்குக் கழுத்துல ஒண்ணும் இல்லியேன்னு விட்டுட்டேன்" என்றார். அடுத்த வீட்டில் இருந்தவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். பிரசுரத்தை முழுதாகப் படித்திருந்தார். 'அசிட்டிக் அமிலம் தடவப்படும்' என்ற வரியில் விரலை வைத்தார். "அமிலம்னா ஆசிட்தானே அக்கா? ஒருதரம் ஊத்தினாங்க, பொறுத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரியில மறுபடியும் ஊத்துவாங்கன்னு பயந்துட்டேன்."

நான் காசுக்கு மொழிபெயர்ப்பவள். இருபது ஆண்டுகளாக அதுதான் என் பிழைப்பு. அந்தப் பிரசுரத்தை எழுதியபோது ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல் எழுதிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. வினிகர் என்று எழுதியிருந்தால் ஒருவர் பயந்திருக்க மாட்டார். கர்ப்பப்பை வாய் என்று எழுதியிருந்தால் இன்னொருவர் கழுத்தைத் தடவிப் பார்த்திருக்க மாட்டார். நர்ஸைக் கேள்வி கேட்கப் போனவள், என் தவறையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த கூட்டம் சுமுகமாக இல்லை. "மறுத்தார்" என்ற சொல் இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பொருளாளர் நியாயமான மனிதர். அறிக்கை போகாவிட்டால் அடுத்த தவணை வராது, நர்ஸுக்கும் ஆயாவுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது என்றார். கிளினிக்கைத் தொடங்கிய மருத்துவர்தான் மிகவும் காயப்பட்டார். "முப்பது வருஷம் இந்தப் பெண்களுக்காக உழைத்திருக்கிறேன். நீங்கள் மொழிபெயர்ப்புக்காக வந்தவர்" என்றார். உண்மைதான். ஆனால் அந்த அறையில் தவறு நடந்தது மருத்துவத்தில் அல்ல, மொழிபெயர்ப்பில். என் பிரசுரத்தை மேஜைமேல் வைத்து, இட்லிக் கடைப் பெண் சொன்னதை அவருக்கு மராத்தியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்துத் தாமே அந்தச் சொற்களை அடித்து, ஓரத்தில் எழுதினார்: "புரியும்படி சொல்லப்படவில்லை."

அறிக்கை அப்படியே போனது. தவணை இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு மாதமும் சம்பளத்துக்கு மருத்துவர் கைப்பணம் போட்டார். அடுத்த ஆண்டு கம்பெனி வேறு துறைக்குப் போய்விட்டது. எங்கள் அறிக்கைதான் காரணமா என்று கேட்கவில்லை. கிளினிக் வாரத்தில் ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. உண்மை எழுதியதற்கு யாரும் எங்களுக்கு மாலை போடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்த அந்த இரண்டு நாட்களில் வந்திருக்கக்கூடிய பெண்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கலையும்.

பதினொரு பேரில் பத்துப் பேர் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இட்லிக் கடைப் பெண்ணுக்குச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது. மகளின் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைத்தார். பதினோராவது பெண் நாங்கள் தேடும்போது ஊருக்குப் போயிருந்தார். எட்டு மாதம் கழித்து ரத்தப்போக்கோடு திரும்பினார். கதிர்வீச்சு, மருந்து என்று நீண்ட சிகிச்சை. இப்போது தேறி வீட்டில் இருக்கிறார், ஆனால் முன்போலத் தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. முன்பே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று மருத்துவரிடம் கேட்டேன். "அநேகமாக" என்றார். கணக்குத் தணிக்கையாளர் எங்கள் புத்தகத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையில்லை என்று சான்று கொடுத்த ஆண்டு அது. அந்த "அநேகமாக" எந்தப் பற்று வரவிலும் ஏறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் இந்த நோயை ஒழிக்க மூன்று எண்களை வைத்தது. 2030க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குச் சோதனை, நோயோ அதன் முன்நிலையோ தெரிந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. நன்கொடை கேட்கும் அறிக்கைகளில் முதல் இரண்டும் அழகாக இருக்கும். புகைப்படம் எடுக்கலாம். மூன்றாவது எண்ணுக்குப் புகைப்படம் கிடையாது. ஒரு பெண்ணின் வீட்டு ஏணியில் ஏறி, அவர் மகள் வெளியே போகும்வரை காத்திருந்து, அவருக்குத் தெரிந்த சொற்களில் பேசினால்தான் அது நகரும். டிரஸ்டியின் வேலை அதை எல்லாம் தானே செய்வதல்ல. செய்யப்பட்டதா என்று கேட்பது. கேட்காமல் போடும் கையெழுத்து, மறுக்காத ஒரு பெண்ணை மறுத்தவளாக்கிவிடும்.

இப்போது எங்கள் பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் இருக்கிறது: "எந்த மொழியில், யார் சொன்னது?" பிரசுரத்தையும் மாற்றி எழுதினேன். இம்முறை எழுதியது நான் மட்டுமல்ல. இட்லிக் கடைப் பெண்ணும் அவர் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் வரிவரியாகக் கேட்டு, புரியாததை எல்லாம் வெட்டினார்கள். என் முதுகலைப் பட்டத்துக்கு மிச்சமானது தலைப்பில் ஒரு ஆச்சரியக்குறி. அதுவும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

கூட்டத்தில் என் சாய் இப்போதெல்லாம் ஆறித்தான் போகிறது. அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை.