ஆசிரியைக்கு என்ன கொடுப்பது?

கல்வியாண்டு முடியும் தறுவாயில் எங்கள் இல்லத்தில் ஒரு கேள்வி எழுந்தது: மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு என்ன கொடுப்பது? மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் பார்த்தோம். ரயில்வே குமாஸ்தாவின் கை தயங்கிற்று. "வெறுங்கையோடு போனால் குழந்தை வாடிப்போவாளே!" என்றாள் மனைவி.

அப்பொழுது மைசூர் நினைவுக்கு வந்தது. 1921-இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் மகாராஜா கல்லூரியை விட்டுக் கல்கத்தா புறப்பட்டபோது, மாணவர்கள் மலர் அலங்கரித்த வண்டியைத் தாங்களே இழுத்து அவரை ரயில் நிலையம் சேர்த்தனர். அதற்கு விலை ஏது?

தமிழ் மட்டுமே அறிந்து பள்ளி புகுந்த மகள், ஆசிரியை கற்பித்த கன்னடத்திலேயே நன்றிக் கடிதம் எழுதினாள். இரண்டு முழம் மல்லிகையுடன் கொடுத்தோம். அவர் படித்தார், ஓர் எழுத்தைத் திருத்தினார், மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, நம் பிள்ளைகளுக்கு ஊர்மொழி தந்தவருக்கு அம்மொழியிலேயே நன்றி சொல்வதன்றோ முறை?