அரியரும் அப்பாவின் கையெழுத்தும்

பையன் இன்ஜினியரிங் சேரும்போது வங்கியில் அப்பாவும் ஒரு கையெழுத்துப் போடுகிறார். "பையன் பேர்லதான் லோன்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். ஆனால் கல்விக் கடன் பத்திரத்தில் அவர் வெறும் சாட்சி இல்லை, இணைக் கடனாளி. பையன் கட்டாவிட்டால் வங்கி நேராக அவரிடம்தான் வரும். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன், சிபில் ஸ்கோர் இரண்டு பேருக்கும் சேர்ந்தே விழும். (தங்கச்சி படிப்புக்கு லோன் கேட்டுப் போகும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவரும்!)

நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் பெரிய பயம் இல்லை. சிக்கல், அரியர் வைக்கிற பிள்ளைகளின் வீட்டில்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் அரியர் இருந்தாலும் பொதுவாக அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். 8 செமஸ்டர் படிப்பை முடிக்க 14 செமஸ்டர் வரை அவகாசம் உண்டு. மாணவனுக்கு இது வரம். வீட்டில் இருப்பவர்களுக்கோ, பையன் மூன்றாம் வருடம் போய்விட்டான், அப்படியென்றால் பாஸாகிறான் என்று அர்த்தம். வளையலை அடகு வைத்து அந்த வருட ஃபீஸையும் கட்டிவிடுகிறார்கள். பின்னால் ஒன்பது பேப்பர் தொங்குவது தெரியாது. ரிசல்ட் வந்த அன்று "சர்வர் டவுன்ப்பா" என்று சொல்லும் சாமர்த்தியம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லையே...

வட்டிக்கு அரியர் தெரியாது. ஒரு கணக்குப் போடலாம். வருட ஆரம்பத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அதற்குள் வட்டி மட்டும் 1.40 லட்சம் சேர்ந்திருக்கும். டிகிரி இரண்டு வருடம் தள்ளிப்போய், தவணையும் தள்ளிப்போனால் இன்னும் 80 ஆயிரம். வாங்கியது 4 லட்சம், கட்ட ஆரம்பிக்கும்போது நிற்பது 6.20 லட்சம். பையன் சேரும்போது அப்பாவுக்கு 50 வயது என்றால் இப்போது 57. தனியார் கம்பெனியில் 58-இல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பி.எஃப். பணம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா?

சரி, பாதியில் நிறுத்திவிடலாமா? அதுவும் சுலபமில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்காக 2009-இல் மத்திய அரசு கொண்டுவந்த வட்டி மானியம், படிப்பைப் பாதியில் விட்டால் கிடைக்காது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் 'எப்படியாவது முடிக்கட்டும்' என்று கட்டிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையா, அந்தப் பிரிவே பிடிக்கவில்லையா, உடம்போ மனசோ சரியில்லையா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. முதல் வருடமே கேட்டிருந்தால் போயிருப்பது ஒரு லட்சம்தான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கடன் திட்டத்தில், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை நீட்டிப்பு தர இடம் இருக்கிறது. தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். வட்டியும் நிற்காது. ஆனாலும் வாராக்கடன் ஆவதற்கு முன்னால் ஒரு கடிதத்தோடு கிளைக்குப் போகிறவருக்கும், நோட்டீஸ் வந்த பிறகு போகிறவருக்கும் மேனேஜர் காட்டும் முகம் வேறு. அந்தக் கடிதத்தை அப்பா எழுத வேண்டுமென்றால், எத்தனை பேப்பர் பாக்கி என்று பையன் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.