வேலி தாண்டிய பூக்கள்... ஊட்டித் தோட்டங்களின் இன்னொரு முகம்!

ஊட்டி பேருந்து நிலையத்தை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறினாலே போதும். தகரக்கூரை வீடோ, பிரிட்டிஷ் காலத்து பங்களாவோ, வாசலில் பூ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவில் ஜெரேனியம், படியோரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஃபியூஷியா, சுவரை ஒட்டிப் பந்து பந்தாக நீல ஹைட்ராஞ்சியா.

அந்த நீலம் மண் கொடுத்தது. நீலகிரியின் மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அப்படிப்பட்ட மண்ணில் இருக்கும் அலுமினியத்தை ஹைட்ராஞ்சியாவின் வேர் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும், பூ நீலமாகும். அதே செடியின் குச்சியை ஒடித்து, சுண்ணாம்பு கலந்த மண்ணில் நட்டால் பூ ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு நிறம் தெரிந்தால், ஒரு வீட்டில் அண்மையில் சுவர் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளை ரகங்களுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது.

கமேலியாவும் இதே மண்ணை விரும்பும் செடிதான். காரணம், அது தேயிலையின் நெருங்கிய சொந்தம். தேயிலை தழைக்கும் இடத்தில் கமேலியாவுக்கும் கொண்டாட்டம்.

இவற்றையெல்லாம் பார்த்து ஆசைப்பட்டு, திரும்பும்போது சாலையோர நர்சரியில் நாலு தொட்டி வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொள்ளாத சுற்றுலாக் குடும்பம் குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பர், ஜனவரி உறைபனியையும் பார்த்து வளர்ந்த செடி அது. மதுரை மொட்டைமாடியின் மே மாத வெயிலில் இலை கருகி நிற்கும்போது, 'நம்ம கை ராசி இல்ல' என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

ஆனால், போன இடத்தில் வாடிப்போகும் செடியால் நஷ்டம் நூறோ இருநூறோதான். போன இடத்தில் அளவுக்கு மீறி நன்றாக வளர்ந்துவிடும் செடிதான் நீலகிரியின் தலைவலி.

ஊர் நினைப்பில் வந்தவை

1820-களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, குளிரைத் தேடி ஆங்கிலேயர்கள் வரிசையாக வந்தார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர், 1848-ல் இங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்கும் பணியில் இறங்கினார். சொந்த ஊர் நினைப்பில் வீட்டுத் தோட்டங்களுக்கும் செடிகள் கப்பலேறி வந்தன. அவற்றில் இரண்டு, மஞ்சள் பூப்பூக்கும் புதர்கள்: ஸ்காட்ச் புரூம், முள் நிறைந்த கோர்ஸ். ஒன்று அழகுக்கு, மற்றொன்று வேலிக்கும் ஆயிற்று.

இன்று அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் வனத்துறை வாகனத்தில் போகிறவர்கள், மலைச்சரிவில் மஞ்சளாக விரிந்து கிடப்பதைப் பார்த்து போட்டோ எடுக்கிறார்கள். அது ஸ்காட்ச் புரூம். காய் முற்றினால் 'பட்'டென்று வெடித்து விதையைத் தூர எறியும். விழுந்த விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு காத்திருக்கும். அது பரவியிருப்பது வெறும் தரிசு அல்ல, வரையாடு மேயும் புல்வெளி. மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, பவானிக்கும் மாயாற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சோலைக்காடும் அந்தப் புல்லும்தான். ஈரோட்டு வயலுக்குப் பாயும் தண்ணீருக்கும் இந்தப் புல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, தொரப்பள்ளி தாண்டினால் முதுமலை. காடு மாறுகிறது, கதை மாறவில்லை. சாலையின் இரு பக்கமும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி, 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. அதன் கறுப்புப் பழத்தைப் பறவைகள் தின்று, போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டன. மானும் யானையும் தின்னும் புல், அதன் அடியில் முளைக்க வழியில்லை.

அடுத்தது மஞ்சள் கொன்றை. நம்முடைய சரக்கொன்றை என்று நினைத்துவிட வேண்டாம். சரக்கொன்றையின் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வந்த இதன் கொத்து, கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். வெட்டினால் அடிமரத்திலிருந்து இன்னும் நாலு கிளை வெடிக்கும். 2022-ல் தமிழ்நாடு அரசு இப்படிப்பட்ட அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டிய மஞ்சள் கொன்றையைக் காகிதக்கூழுக்கு எடுத்துக்கொள்ள டி.என்.பி.எல். நிறுவனத்துக்கு அனுமதியும் கிடைத்தது.

நர்சரியில் கேட்க வேண்டியது

'பூ எப்போ வரும்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 'இது விதையில் வருமா, குச்சியில் வருமா?' என்றும் சேர்த்துக் கேட்கலாம். ஹைட்ராஞ்சியா, கமேலியா, ஃபியூஷியா எல்லாம் பெரும்பாலும் குச்சி ஒடித்து நடுபவை. வைத்த இடத்தில் கட்டுப்பட்டு நிற்கும். விதை கொட்டி, தொட்டிக்கு வெளியேயும் கன்றுகள் தானாக முளைக்கும் செடி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பறவை தின்னும் பழமா, காய் வெடிக்குமா என்பதும் முக்கியம். 'ஒண்ணுமே பண்ண வேணாம், தானா வளரும்' என்று சொல்லி விற்கப்படும் செடியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள், காய் முற்றுவதற்கு முன் பூக்கொத்தை நறுக்கிவிடுவது நல்லது. செடி வேண்டாமென்று ஓடையிலோ காட்டோரத்திலோ கொட்டவே கூடாது. சமவெளி ஏரிகளை மூடிய ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததுதானே!

உண்ணிச்செடிக்கு மட்டும் ஓர் எதிர்பாராத வேலை கிடைத்திருக்கிறது. கூடலூர் வட்டாரப் பழங்குடிக் கலைஞர்கள், வெட்டிய அதன் தண்டுகளை வளைத்து நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மலைக்கே சொந்தமான ஓர் அலங்கார மரமும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்று இங்கே அழைக்கப்படும் நீலகிரி ரோடோடென்ட்ரான். முறுக்கிய தண்டு, ரத்தச் சிவப்பில் பூக்கொத்து, உறைபனிக்கும் அசராத உடம்பு. பொறுமை மட்டும் வேண்டும். மிக மெதுவாகத்தான் வளரும். காட்டிலிருந்து பிடுங்கிவரக் கூடாது, நர்சரிக் கன்றுதான் வாங்க வேண்டும். பழைய பங்களா ஒன்றிரண்டின் வாசலில் இன்னும் நிற்கிறது. பூக்கும் நாட்களில் கீழே சாலையெல்லாம் சிவப்பு இதழ்.

(நீலகிரிக்குச் சொந்த வாகனத்தில் கிளம்புகிறவர்கள் இ-பாஸ் நடைமுறையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும்.)