புதன்கிழமைக் கப்பல்

இப்போதெல்லாம் புதன்கிழமை வெறும் புதன்கிழமையாகத்தான் வருகிறது. காலையில் பால், பத்தரைக்கு அலுவலகக் கூட்டம், சாயங்காலம் அவிநாசி சாலை நெரிசல். அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தக் கிழமையில் ஒரு கப்பல் வந்து நின்றது என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. உங்களில் சிலருக்குப் புரியும். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகங்களை ஓரக்கண்ணால் துழாவிக்கொண்டே, "முத்து காமிக்ஸ் வந்துடுச்சாண்ணே?" என்று கேட்டு நின்றவர்களுக்கு.

அமெரிக்காவில் புது காமிக்ஸ் இதழ்கள் கடைக்கு வரும் நாள் புதன். நான் படித்தது சோளக்காடுகளுக்கு நடுவே, நடுமேற்கில் இருந்த ஒரு பல்கலைக்கழக ஊர். ஆய்வகத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, பனியில் காலைத் தட்டிவிட்டுக் காமிக்ஸ் கடையின் கதவைத் தள்ளினால் மேலே ஒரு பித்தளை மணி கிணுங்கும். அந்த மணி. அதன் பிறகு எத்தனையோ கடைக் கதவுகள் எனக்காகத் தானாகவே திறந்துகொண்டன. ஒன்றுகூட நான் வந்ததை யாருக்கும் சொல்லவில்லை.

கடைக்காரர் தாடி வைத்த பெரியவர். வாயில் நுழையாத என் பெயரை எழுதாமல் முதல் எழுத்தை மட்டும் போட்ட ஒரு காகித உறையில், அந்த வாரத்து இதழ்களை எடுத்து வைத்திருப்பார். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், மடங்காமல் இருக்கப் பின்னால் விறைப்பான அட்டையோடு. பேச்சு குறைவு. புகை பிடித்துக் கரகரத்த தொண்டையால் அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது என் முழுப்பெயரையும் பிழையில்லாமல் உச்சரிக்கிறவர்கள்தான் சுற்றிலும் இருக்கிறார்கள்.

நாட்டின் பெரும்பாலான காமிக்ஸ் கடைகளுக்கு அப்போது டயமண்ட் என்ற ஒரே விநியோக நிறுவனம்தான் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் அது திவாலாகி நீதிமன்றப் படியேறியது. செய்தியைக் கோயம்புத்தூரில் அடுப்படியில் நின்று படித்தேன். அந்தக் கடை அதற்கு வெகுகாலம் முன்பே மூடியாயிற்று.

அந்த உறைக்குள் நான் தேடியது ஒன்றைத்தான்: 'செரினிட்டி'. டார்க் ஹார்ஸ் பதிப்பகம் வெளியிட்ட விண்வெளி வெஸ்டர்ன். அதற்கு முன்னால் அது 'ஃபயர்ஃப்ளை' என்ற தொலைக்காட்சித் தொடர். 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி, டிசம்பருக்குள் கதை முடிந்தது. எடுத்தது 14 அத்தியாயம், காட்டியது 11. அதிலும் முதலாவதாக எழுதி எடுத்ததைக் கடைசியில் காட்டினார்கள். யாருக்குப் பிடிக்கும்? அடுத்த ஆண்டு டிவிடி வந்தபோதுதான் தலைகால் புரிந்தது. எங்கள் அறைக்கு அதைக் கொண்டுவந்தவன் என் அறைத்தோழன், மதுரைக்காரன்.

ஐந்நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. நடுக்கோள்களின் கூட்டணி ஓரக்கோள்களைப் போரில் அடக்கிவிட்டது. தோற்ற பக்கத்துச் சிப்பாய் மால்கம் ரெனால்ட்ஸ் ஒரு ஓட்டைக் கப்பலை வாங்கி, தான் தோற்றுப்போன பள்ளத்தாக்கின் பெயரையே அதற்கு வைக்கிறான்: செரினிட்டி. இன்றைக்கும் எனக்குத் தொண்டையை அடைப்பது அந்தப் பெயர்தான். ஜெயித்த இடத்தின் பெயரை எவனும் வைப்பான். பிறகு ரயில் கொள்ளை, சரக்குக் கிடங்கில் மாட்டு மந்தை, இடுப்பில் துப்பாக்கி, செம்மண் புழுதி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி மைக்கேல் ஷாரா எழுதிய நாவலைப் படித்துவிட்டுத்தான் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனுக்கு இந்த எண்ணமே வந்தது.

கேப்டன் டைகர் வெஸ்டர்ன் காமிக்ஸைத் தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு இதில் விழுவதற்கு ஒரு நாள் போதாதா? டைகரும் அதே போரிலிருந்து வந்தவர்தான். சிவகாசி அச்சில் நான் பார்த்த அந்தப் பாலைவனங்களை வரைந்த ழான் ழிரோதான், மோபியஸ் என்ற பெயரில் அந்நியக் கோள்களையும் வரைந்தார். குதிரைக்கும் விண்கலத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே மனிதரின் மணிக்கட்டு என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

2005 கோடையில் முதல் காமிக்ஸ் வந்தது, 'தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்'. மூன்றே இதழ்கள். தொடர் நின்ற இடத்துக்கும் செப்டம்பரில் வரவிருந்த திரைப்படத்துக்கும் நடுவே போட்ட பாலம். கப்பலில் ஒன்பது பேர். ஆளுக்கொன்றாக ஒன்பது அட்டைப்படம். கேலி என்ற பாத்திரத்தின் அட்டை எனக்கு. விமானி வாஷின் அட்டை மதுரைக்காரனுக்கு. உள்ளே வில் கான்ராட் அந்த நடிகர்களின் முகத்தை அச்சாகவே பிடித்திருந்தார். முகம் வந்துவிட்டது. சத்தம் வரவில்லை.

ஃபயர்ஃப்ளையின் அழகே அதுதான்: வெற்றிடத்தில் ஒலி போகாது என்பதை மதித்து, கப்பல் வெளியே பறக்கும் காட்சிகளில் எஞ்சின் இரைச்சலை வைக்கவில்லை. கிரெக் எட்மன்சனின் ஃபிடிலோ கிட்டாரோ மட்டும் கேட்கும். இரைச்சலெல்லாம் உள்ளே. ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள் போட்ட சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். காமிக்ஸிலோ வெளியும் மௌனம், உள்ளும் மௌனம். அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பை மதுரைக்காரன் ஏற்றுக்கொண்டான்.

புதன் இரவு, ரசம் சாதம் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, ஹீட்டர் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்க, உறையை உரிக்கும் சரசரப்போடு தொடங்கும். நான் கேப்டன், அவன் விமானி வாஷ், மிச்சப் பேரை யார் வாய் சும்மா இருக்கிறதோ அவர்கள். வாஷாக நடித்த ஆலன் டுடிக்கின் குரலை அவன் பிடித்துவிட்டதாக அவனே நம்பினான். கதையில் ஆத்திரம் வந்தால் எல்லோரும் சீன மொழியில் திட்டுவார்கள்; அதை இவன் மதுரைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டான், அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பக்கத்து அறை சீன மாணவன் ஒருமுறை எட்டிப் பார்த்து, மூலத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். பக்கங்கள் கொஞ்சம்தான். முடிந்துவிடும். "அடுத்தது எப்ப மாப்ள?" "அடுத்த மாசம்." மறுபடி முதல் பக்கத்திலிருந்து.

திரைப்படத்தில் வாஷ் செத்துப்போனான். தியேட்டரிலிருந்து நடந்தே வந்தோம். மதுரைக்காரன் ஒன்றும் பேசவில்லை, அவனுக்கு அது வழக்கமில்லை.

2008இல் 'பெட்டர் டேஸ்' வந்து, பழைய காலத்துக்குப் போய், வாஷை மூன்று இதழுக்கு உயிரோடு திருப்பித் தந்தது. கைக்குப் பெரும் பணம் வருகிறது, அதை வைத்து என்ன செய்வோம் என்று ஒவ்வொருவரும் கனவு காண்கிறார்கள். நாங்களும் கண்டோம். 2010இல் பாட்டன் ஆஸ்வால்ட் எழுதிய 'ஃப்ளோட் அவுட்' ஒற்றை இதழில், வாஷின் பழைய நண்பர்கள் மூன்று பேர் அவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இல்லாதவனைப் பற்றிப் பேச அதைவிட நல்ல வழியை நான் எந்த இலக்கியத்திலும் பார்க்கவில்லை. கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன், பரவாயில்லை. அந்த இதழை நான் மட்டும்தான் படித்தேன். மதுரைக்காரனுக்கு அதற்குள் டெக்சாஸில் வேலை கிடைத்திருந்தது.

அதே ஆண்டில் 'தி ஷெப்பர்ட்ஸ் டேல்'. கப்பலில் பயணம் செய்த புக் என்ற பாதிரியாரின் மர்மமான பழைய வாழ்க்கை. ஸாக் வீடன் எழுத, கிறிஸ் சாம்னி வரைந்தது. கதை அவர் சாவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கியே போய்ச் சிறுவயதில் முடியும். வழியில் ஓரிடத்தில், எல்லாவற்றையும் இழந்து நிற்கும் அந்த மனிதர் ஒரு கிண்ணம் சூப்பில் கடவுளைக் காண்கிறார். புக்காக நடித்த ரான் கிளாஸ் 2016இல் காலமானார். அன்று அந்தப் பக்கத்தைத் தேடினேன். புத்தகம் கையில் இல்லை. ஊர் திரும்பும்போது விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ. புடவை, பாத்திரம், சான்றிதழ் எல்லாம் ஏறின, காமிக்ஸ் பெட்டிகள் ஏறவில்லை. மதுரைக்காரன் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. இருக்கின்றன என்றுதான் சொல்கிறான்.

குறை சொல்லக் கூடாது, இப்போது எல்லாமே கையில் இருக்கிறது. பத்து அங்குலத் திரையில் கட்டம் கட்டமாக நகர்ந்து, தன்னாலேயே பெரிதாகி, கண் கூசாமல் மஞ்சள் வெளிச்சம் தந்து. வாஷ் செத்த பிறகு அவன் மனைவி ஸோயிக்குப் பிறந்த பெண் குழந்தை எம்மாவையும் பார்த்தாயிற்று. 2018க்குப் பின் உரிமை பூம் பதிப்பகத்துக்குப் போக, கிரெக் பாக் எழுத, டான் மெக்டெய்ட் வரைந்தவையும் வந்தன. நல்ல வேலைதான். நள்ளிரவு இரண்டு மணிக்கு, எந்தக் கிழமையில் வேண்டுமானாலும், அடுத்த இதழ் உடனே திறக்கிறது. அடுத்ததும். அதற்கடுத்ததும். ஆனால் படித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் எதிரே ஃபிரிட்ஜ் இருக்கிறது.

நடிகர்களின் குரலை எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். அதற்கு டிவிடி இருக்கிறது. போன மாதம் அக்கா மகனுக்கு 'தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்' படித்துக் காட்டினேன். வாஷின் வரி வந்ததும் என் வாயிலிருந்து வந்தது டுடிக் இல்லை. மதுரை. இழுத்து, கடைசி அசையை மேலே தூக்கி, அப்படியே அவன். "மாமா, ஏன் அவர் மட்டும் இப்படிப் பேசறார்?" என்றான் பையன்.

உடனே மதுரைக்காரனுக்குப் போன் போட்டேன். இரண்டு மணி அடித்ததும் எடுத்து, சுத்தமான ஆங்கிலத்தில், தன் முழுப்பெயர் சொல்லி, ஒரு மேலாளரின் நிதானத்தோடு ஹலோ என்றான். நான்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தான். ஒரே ஒரு பக்கம், வாஷ் பேசுகிற பக்கம், படித்துக் காட்டடா, பையன் கேட்கிறான் என்றேன். சிரித்தான். "மீட்டிங்ல இருக்கேன் மாப்ள. புதன்கிழமை கூப்பிடுறேன்" என்றான். அதற்குப் பிறகு நாலைந்து புதன் வந்துவிட்டது.