மறுபடி ஒட்டியிருக்கிறது

மார்ச் 4, செவ்வாய்
மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா வீடியோவைப் போட்டுக் காட்டினார். போன மாதம் கர்ப்பப்பைக்குள் ஒட்டுதலை வெட்டிப் பிரித்த அதே இடத்தில், சிவந்த சுவர்களுக்கு நடுவே வெள்ளை நாடா போல ஒன்று. "மெல்லிசாத்தாம்மா இருக்கு. இப்பவே பார்த்தது நல்லது, விட்டிருந்தா கெட்டிப்பட்டிருக்கும்." கத்தரி முனை பட்டதும் அது விலகுவது தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி
"அதான் வெட்டியாச்சே, மறுபடி எப்படிம்மா வரும்?" என்கிறார் அத்தை. நியாயமான கேள்விதான். கர்ப்பப்பை அறை என்று பெயரே தவிர, உள்ளே வெற்றிடம் கிடையாது. முன்சுவரும் பின்சுவரும் தொட்டபடிதான் இருக்கும். வெட்டியதும் இரண்டு பக்கமும் பச்சைப் புண். தீக்காயம் பட்ட விரல்களை நடுவில் துணி வைக்காமல் கட்டினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அந்தத் துணிக்குப் பதிலாகத்தான் எனக்கு ஒரு வாரம் சின்ன பலூன் வைத்திருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, உள்சவ்வு வளர்ந்து புண்ணை மூடுவதற்கு.

அப்படியும் லேசான, நடுத்தர ஒட்டுதலில் மூவரில் ஒருவருக்கும், கடுமையானதில் மூவரில் இருவருக்கும் திரும்ப வரலாமாம். எனக்குக் கடுமையான வகை. இதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்
ஃபைலில் 'ஆஷர்மன்' என்று எழுதியிருக்கிறது. 1894-லேயே ஜெர்மனியில் ஃபிரிட்ஷ் என்பவர் இதைப் பதிவு செய்திருந்தாலும், 1948-ல் விரிவாக எழுதிய ஜோசப் ஆஷர்மன் பெயரே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் கரு கலைந்த பின்போ பிரசவத்துக்குப் பின்போ செய்யும் டி அண்ட் சி-யில், உள்சவ்வின் அடி அடுக்கு வரை சுரண்டப்படுவதால் வருவது. எனக்கும் அப்படித்தான். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயும் ஒரு காரணம் என்பதால் திசுவை அதற்கும் அனுப்பினார்கள். இல்லை என்று வந்துவிட்டது.

மார்ச் 29, சனி
மாத்திரை முடிந்து தீட்டு வந்தது. வெறும் கறையாக இல்லை, நாப்கின் மாற்றும் அளவுக்கு. அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஆனால் போக்கை வைத்து உள்ளே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, கேமராவில் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. கரு தங்கினாலும் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தானாம்.

செலவை நினைத்து, "அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடலாமா?" என்றார் இவர். முடியாது என்றேன். சீட்டுப் பணத்தை இந்த மாதமே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.